பறவைத் திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: அந்தச் சேற்று மூலையைச் சுத்தம் செய்துவிடாதீர்கள்

கண்மாய்க்கரைப் பூங்காவில் பறவைத் திருவிழா நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். இந்த வருடமும் பங்குனிக் கடைசியில் திருவிழா உண்டு என்று உங்கள் நோட்டீஸில் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவது முழுக்கக் குறை சொல்வது மாதிரிதான் இருக்கும். மதுரையில் பறவைக்கென்று ஒரு திருவிழா எடுக்க நாலு பேர் கைக்காசைப் போட்டு அலைகிறீர்கள், அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. தேதியும் சரியான தேதி. சித்திரை பிறந்து அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டம் சேர்வதற்கு முன்னால், வலசை வந்த பறவைகளில் பாதி கிளம்பியும் பாதி கிளம்பாமலும் இருக்கிற நேரம் இது. யார் தேர்ந்தெடுத்தார்களோ, விஷயம் தெரிந்தவர்.

கண்மாயின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், காலையில் அங்கே நடக்க வருகிற எல்லோருக்கும் தெரியும், மற்றவர்களுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நோட்டீஸின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். "விழாவை முன்னிட்டு மேற்கு மூலையில் உள்ள புதர்களும் சேறும் அகற்றப்பட்டு, அங்கே பார்வையாளர் மேடையும் செல்ஃபி பாயிண்டும் அமைக்கப்படும்" என்று போட்டிருக்கிறீர்கள். இந்த மடல் எழுதக் காரணமே அந்த ஒரு வரிதான். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். நீங்கள் யாரைப் பார்க்க ஊரையே கூப்பிடுகிறீர்களோ, அவர்கள் குடியிருப்பது அந்த மூலையில்தான்.

கண்மாய் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நம்ம கண்மாய்க்கு கரை கிழக்கே, தண்ணீர் வந்து சேருகிற உள்வாய் மேற்கே. மடை இருக்கிற கரையோரம் ஆழம், உள்வாய்ப் பக்கம் போகப் போக இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு, அப்புறம் வெறும் ஈரம். தரை அப்படிச் சரிந்து கிடப்பதால்தான் ஒரே கண்மாயில் இத்தனை வகைப் பறவை பிழைக்கிறது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூழைக்கடாவும் ஆழமான பக்கம் பார்த்துக்கொள்ளும், அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சாம்பல் நாரையும் செந்நாரையும் முழங்கால் தண்ணீரில் நிற்கும். நெடுங்கால் உள்ளானுக்குக் கணுக்காலளவு போதும். பொறி உள்ளான், கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி இவையெல்லாம் தண்ணீர் வற்றி ஒதுங்கின சேற்றில்தான் இரை எடுக்கும். அந்தச் சேறு கார்த்திகை, மார்கழியில் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், மாசி பங்குனியில்தான் வெளியே வரும். அதாவது உங்கள் திருவிழாத் தேதியும் சேறு தெரிகிற காலமும் ஒன்று. அது தற்செயலும் இல்லை.

கொசு உள்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை விட எடை குறைவு அதற்கு. குஞ்சு பொரிப்பது வட துருவத்தை ஒட்டின சைபீரியப் பக்கம். குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிட்டு இப்போது திரும்பிப் போகவேண்டும். அதற்கு முன்னால் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள வேண்டும், அந்தக் கொழுப்புதான் வழிச்செலவுக்குக் காசு. அதனால்தான் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதலிலும் அவை தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கின்றன. சேற்றுக்குள் இருக்கிற புழுவும் பூச்சிக் குஞ்சும் பொடி நத்தையும்தான் தீனி. பொக்லைன் விட்டு நீங்கள் அள்ளப்போவது அதைத்தான். ஒரு நாள் வேலைதான், லாரியில் நாலைந்து நடை போய்விட்டால் மூலை பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரிவு போய், கரை செங்குத்தாக நின்று, அடியில் ஆழத் தண்ணீர் கிடந்தால் உள்ளான் எங்கே காலை ஊன்றும்?

கோரைக்கும் இதே கதைதான். ஆகாயத்தாமரையை எடுக்கிறீர்களா, தாராளமாக எடுங்கள், நானும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அது தண்ணீர் முழுக்கப் பாய் விரித்த மாதிரி மூடி, அடியில் இருக்கிற மீனுக்கும் மூச்சு முட்ட வைக்கிறது. ஆனால் கோரையும் சம்பும் வேறு. நீலத் தாழைக்கோழி அந்தச் சம்புக்குள்தான் இருக்கிறது, தண்டை ஒரு காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய் உரித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். சம்பை வெட்டினால் தாழைக்கோழி போய்விடும், கானாங்கோழி போய்விடும், கோரைக்குள் பதுங்கிக்கொண்டு டக் டக்கென்று சத்தம் மட்டும் கொடுக்கிற கதிர்க்குருவிகளும் போய்விடும். புதர் என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் சேர்த்து எழுதி, மண்வெட்டியோடு நிற்கிற ஆளிடம் "எல்லாத்தையும் எடுத்துருப்பா" என்று சொல்லிவிட்டால், அவர் என்ன செய்வார் பாவம், எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இது பறவைக்காக இல்லை, உங்கள் விருந்தினர்களுக்காக. காலையில் மேற்கு மூலையில் மேடை போட்டு நின்றால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். பறவையெல்லாம் கருப்பாகத்தான் தெரியும், ஊசிவால் வாத்தும் ஒன்றுதான் காக்கையும் ஒன்றுதான். கிழக்குக் கரை வளைந்து வடக்கே திரும்புகிற இடத்தில், அந்தப் பழைய மடைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், எதிரே சேறு முழுக்க வெளிச்சத்தில் இருக்கும், வேப்பமர நிழலும் உண்டு. மேடையே வேண்டாம். மண் திட்டு இருக்கிறது, பிள்ளைகள் உட்கார அது போதும்.

போன வருடம் நானும் வந்திருந்தேன். காலை நடைக்கு வந்தது சின்னக் கூட்டம்தான், நீங்களே சொல்லுவீர்கள் சரியாக விளம்பரம் செய்யவில்லை என்று, ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் திருவிழா. விடிந்ததும் மரத்திலிருந்து சூறைக்குருவிக் கூட்டம் கிளம்பியது, மத்திய ஆசியாவுக்குத் திரும்பப்போகிற கூட்டம், வானத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. மீசை ஆலா சிலதுக்குத் தலையில் கருப்புத் தொப்பி ஏற ஆரம்பித்திருந்தது. உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறியிருந்தன. வருடம் முழுக்க அழுக்கு நிறத்தில் வரப்போரமாக நிற்கிற மடையான் இந்தச் சமயத்தில்தான் முதுகில் அரக்கு நிறம் போர்த்திக்கொள்ளத் தொடங்கும், அதைப் பார்த்துவிட்டு ஒருவர் "இது வேற கொக்கு" என்று சத்தியம் செய்யாத குறையாக வாதாடினார். நீலச்சிறகிகள் ஒரு ஓரமாக மிதந்துகொண்டிருந்தன. பெரிய கூட்டம் இல்லை, மார்கழியில் இருந்ததில் மிச்சம்.

அன்றைக்கு என்னை அசத்தியது ஒரு நத்தைகொத்தி நாரையும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும்தான். ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பிள்ளை, சீருடையிலேயே வந்திருந்தது. முக்காலியில் நிறுத்துகிற தொலைநோக்கி, அதுதான் ஸ்கோப், அதைப் பிள்ளை உயரத்துக்கு இறக்கி வைத்துக் கொடுத்தோம். நாரை தண்ணீருக்குள் தலையை விட்டு ஒரு நத்தையை எடுத்தது. ஓட்டை உடைக்கவில்லை. அலகு நுனியால் நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் கொடுத்து, உள்ளே ஒட்டியிருக்கிற தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி விழுங்கியது. முழுசாக ஒரு ஓடு தண்ணீரில் விழுந்தது. பிள்ளை கண்ணை எடுக்கவே இல்லை. "அண்ணே, அதுக்கு வாய் மூடவே மாட்டேங்குது, நடுவுல சந்து இருக்கு" என்றது. ஆமாம், வளர்ந்த நாரைக்கு இரண்டு அலகும் நடுவில் சேராது என்று சொன்னோம். உடனே அடுத்த கேள்வி: "குஞ்சுக்கும் இப்படித்தானா?" இல்லை, குஞ்சுக்கு அலகு நேராகத்தான் இருக்கும், வளர வளரத்தான் அந்தச் சந்து வரும். பெரியவர்கள் அத்தனை பேர் நின்றோம், ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அப்புறம் பத்து மணி ஆனது. மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ. குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் தண்ணீரைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். முதல் "ஹலோ"வுக்கு நீலச்சிறகிகள் மொத்தமாக எழும்பின. எழும்பினவை ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனதுதான், விழா முடிகிற வரை திரும்பவில்லை. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியபோது வாசலில் பத்தாயிரம் வாலா போட்டார்கள். சமாதானச் சின்னமாகக் கூண்டிலிருந்து வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட்டார்கள். அவை வீட்டுப் புறாக்கள், எங்கே போகும், பந்தல் மேலேயே வரிசையாக உட்கார்ந்து கடைசி வரை வாழ்த்துரைகளைக் கேட்டன. மேடைக்குப் பின்னால் இருந்த ஃப்ளெக்ஸில் தென் அமெரிக்கப் பஞ்சவர்ணக்கிளி. நம்ம கண்மாயில் மஞ்சள் மூக்கு நாரை நிற்கிறது, பனங்காடை கம்பியில் உட்கார்ந்திருக்கிறது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கிளி எதற்கு?

வெடி விஷயத்தில் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். மேலூர் தாண்டித் திருப்பத்தூர் போகிற வழியில் வேட்டங்குடி இருக்கிறது, 1977-இல் சரணாலயமாக அறிவித்த இடம். பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி. அந்த ஊர்க்காரர்கள் கண்மாயில் பறவை இருக்கிறது என்பதற்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. தலைமுறையாக இப்படித்தான், பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமலா இருக்கும்! அவர்கள் தீபாவளியையே விட்டுக்கொடுக்கிறார்கள், நாம் பறவைக்கே விழா எடுத்து அதற்கே வெடி போடுகிறோம்.

சரி, கண்மாயின் பெயரை ஏன் எழுதவில்லை என்பதற்கு வருகிறேன். போன வருடம் அந்த மேற்கு மூலையில் ஒரு முக்குளிப்பான் கூடு இருந்தது. மீன் குத்தகை எடுத்திருக்கிறாரே அந்த அண்ணன், தெர்மகோல் மிதவையில் உட்கார்ந்து வலை வீசுகிறவர், அவர்தான் காட்டினார். கூடு என்றால் மரத்துக் கூடு மாதிரி இல்லை. அழுகின பாசியும் தண்டுமாகக் குவித்து, தண்ணீரிலேயே மிதக்கும், பக்கத்துக் கோரையில் மாட்டிக்கொண்டு நிற்கும். முக்குளிப்பான் வெளியே போகும்போது ஈரப்பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டுத்தான் போகும், அதனால் பார்க்கிறவனுக்குக் குப்பை மாதிரிதான் தெரியும். ஆனால் ஆள் திடீரென்று பக்கத்தில் போனால் மூட நேரம் இருக்காது, அப்படியே முங்கி ஓடிவிடும். பங்குனி வெயிலில் முட்டை திறந்து கிடக்கும், காக்கையும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். விழா அன்று மத்தியானம் கேமராவோடு வந்த சிலர் முழங்கால் சேற்றில் இறங்கி அந்தக் கூட்டைச் சுற்றி நின்றதை நான் பார்த்தேன். அவர்களிடம் இடத்தைச் சொன்னது யார் என்று கேட்கவில்லை, கேட்டு இனி என்ன ஆகப்போகிறது.

இது மரியாதைக் குறைச்சல் மட்டும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தில், பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைத் தொந்தரவு செய்வதும் சேர்த்திதான். அதை நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போடுங்கள். கூடவே, செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அதை வரவழைக்கக் கூடாது என்றும் போடுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது கத்திக்கொண்டு அலையும், இரை எடுக்காது, கூட்டையும் கவனிக்காது.

மீன் குத்தகைக்கார அண்ணனைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அவரை நீங்கள் போன வருடம் கூப்பிடவில்லை. கூப்பிடுங்கள். மேடையில் பொன்னாடை போர்த்த இல்லை, காலையில் நடையைக் கூட்டிக்கொண்டு போக. எந்தக் கருவேல மரத்தில் வக்கா அடைகிறது, எந்த இடத்தில் இலைக்கோழி நடக்கிறது என்பதெல்லாம் நம் எல்லோரையும் விட அவருக்குத் தெரியும். நீர்க்காகம் மீனைத் தின்கிறதே என்று அவருக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது, அதையும் பிள்ளைகள் கேட்கட்டும். குத்தகைக்குக் காசு கட்டினவர் அவர்.

கணக்கு விஷயம். போன வருடம் விழா முடிவில் "இத்தனை வகைப் பறவைகள் பார்க்கப்பட்டன" என்று மைக்கில் ஒரு எண்ணைச் சொன்னீர்கள், கைதட்டினோம், அதோடு போயிற்று. பட்டியல் எங்கே என்று கேட்டால் யாரிடமும் இல்லை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கிறது, எத்தனையோ ஊரில் பள்ளிப் பிள்ளைகளே செய்கிறார்கள், அதே முறையை நாமும் வைத்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தோம், ஒவ்வொன்றும் எத்தனை என்று எழுதி அன்றைக்கே இபேர்ட் (eBird) என்கிற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். மைனாவையும் காக்கையையும் விடாமல் எண்ண வேண்டும், அபூர்வமானதை மட்டும் எழுதுவது கணக்கு ஆகாது. வருடா வருடம் அதே தேதியை ஒட்டி, அதே பாதையில், அதே நேரத்தில் எண்ணினால் நாலைந்து வருடத்தில் கண்மாய்க்கு என்ன நடக்கிறது என்று நம் கையிலேயே எழுத்தாக இருக்கும். அடுத்த தடவை யாராவது கண்மாயைச் சுற்றிக் கான்கிரீட் நடைபாதை போட்டு உள்வாயை அடைக்கிறேன் என்று வந்தால், பறவை இருக்கிறது என்று வாயால் சொல்லிப் பயன் இல்லை, அந்தத் தாளை எடுத்துக் காட்ட வேண்டும். உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று மதுரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டாம் நாள் அரிட்டாபட்டிக்கு இரண்டு பஸ் என்று போட்டிருக்கிறீர்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று அந்த மக்கள் நின்று ஜெயித்ததும் எல்லோருக்கும் தெரியும், போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் வல்லூறும் ராசாளிப் பருந்தும் அங்கே பாறையில் கூடு வைத்திருக்கிற பருவம் இது. இரண்டு பஸ் ஆள் பாறை மேல் ஏறினால் அவ்வளவுதான். பத்துப் பேர் போங்கள், ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொண்டு போங்கள், கீழேயே நின்று ஸ்கோப்பில் பாருங்கள். மற்றவர்களுக்கு ஆடி, ஆவணியில் இன்னொரு நாள் வைக்கலாம்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஜிகர்தண்டா இல்லாமல் மதுரையில் எந்த விழாவும் நடக்காது, இருக்கட்டும். வாசலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். உள்ளே போட்டால் பிளாஸ்டிக் கப்பும் மிச்சமும் விழுந்து நாய் சேருகிறது, கடை போன பிறகும் நாய் போவதில்லை, தாழைக்கோழியைத் துரத்திக்கொண்டு அங்கேயே இருக்கிறது.

சுருக்கமான நிகழ்ச்சி நிரல் ஒன்று எழுதித் தரட்டுமா? காலை ஆறு மணிக்குப் பழைய மடைப் பக்கம் எல்லோரும் கூடுவது, சூரியன் வர ஆறேகால் ஆகும், அதற்குள் சூறைக்குருவி கிளம்புவதைப் பார்த்துவிடலாம். எட்டு மணி வரை நடை, குழுவுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். எட்டு மணிக்கு இட்லி பொங்கல், கூடவே எண்ணிக்கையைச் சரிபார்ப்பது. சிறப்பு விருந்தினர் கட்டாயம் வேண்டும் என்றால் வரட்டும், ஆறு மணிக்கு வரட்டும், பிள்ளைகளோடு நடக்கட்டும், பேச வேண்டியதை இட்லி சாப்பிடும்போது மைக் இல்லாமல் பேசட்டும். ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும், வெயிலும் ஏறியிருக்காது.

என்னிடம் ஒரு ஸ்கோப்பும் முக்காலியும் இருக்கின்றன, கொண்டுவருகிறேன். பைனாகுலர் (8x42) மூன்று வேண்டும் என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்ம கண்மாயில் வழக்கமாகப் பார்க்கிற பறவைகளின் தமிழ்ப் பெயர், படத்தோடு ஒரே தாளில் தயாராக இருக்கிறது, கலர் ஜெராக்ஸ் செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பந்தல்காரருக்கும் பொக்லைன்காரருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று தெரிந்தால் நல்லது. கொடுத்திருந்தால் பொக்லைனை ஆகாயத்தாமரை எடுக்கத் திருப்பிவிடலாம், மடைப் பக்கம் நிறைய மண்டிக் கிடக்கிறது, காசு வீணாகாது. குழுக் கூட்டம் எந்தக் கிழமை என்று சொல்லி அனுப்புங்கள், நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
காலையில் கிழக்குக் கரையில் நிற்கிறவர்களில் ஒருவன்,
மதுரை